உப்பு கூடிவிட்டால், பருப்பு வேகாவிட்டால், சீடை வெடித்தால்

சாம்பாரில் உப்பு கரித்தால் ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போடு, அது உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். இழுக்காது. கிழங்கு குழம்பை உறிஞ்சும். அந்தக் குழம்பில் உள்ள உப்பும் கூடவே உள்ளே போகும். பாத்திரத்தில் மிச்சமிருக்கும் குழம்பு அதே கரிப்பில்தான் இருக்கும். உப்பில்லாத கிழங்கைக் குழம்போடு சேர்த்து மென்றால் வாயில் கொஞ்சம் ஈடாகிறது, அவ்வளவுதான்.

உப்பைக் குறைக்க இருக்கும் ஒரே வழி, உப்பில்லாத பொருளைக் கூட்டுவது. நாலு பேருக்கான சாம்பார் என்றால் கால் கப் துவரம்பருப்பை உப்பில்லாமல் குழைய வேகவைத்து, கடைந்து, அரை கப் வெந்நீரோடு ஊற்றி ஒரு கொதி விடுங்கள். இப்போது காரமும் நீர்த்திருக்கும். அரைத் தேக்கரண்டி சாம்பார் பொடி சேர்த்து இன்னும் இரண்டு நிமிடம் கொதித்தால் சரியாகிவிடும். புளிக்குழம்புக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காயை மைய அரைத்து விடலாம். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர், பொரியலுக்குத் தேங்காய்த் துருவலோ வெறுமனே வேகவைத்த பாசிப்பருப்போ போதும். எலுமிச்சை சாதத்துக்கு இன்னொரு கைப்பிடி சாதம். சிறு துண்டு வெல்லம் கரிப்பை மறைக்கும், குறைக்காது; லேசாகக் கூடியிருந்தால் அந்த மறைப்பே போதும்.

உப்பு கூடுவது பெரும்பாலும் கவனக்குறைவால் அல்ல, கரண்டிக் கணக்கால். ஒரு தேக்கரண்டி பொடியுப்பும் ஒரு தேக்கரண்டி கல்லுப்பும் ஒரே எடை அல்ல. கல்லுப்புக்கு நடுவே காற்று நிறைய இருக்கும். பொடியுப்பு நெருங்கி உட்காரும். கல்லுப்புக்குப் பழகிய கை பொடியுப்பைப் போட்டால் கரிக்கத்தான் செய்யும். வத்தக்குழம்பு போலச் சுண்ட வேண்டியவற்றில் முதலில் பாதி உப்பு, இறக்கும்போது மீதி. தண்ணீர் சுண்டும், உப்பு சுண்டாது.

காரம் கூடினால் வெறும் தண்ணீர் ஊற்றுவது அவ்வளவாக உதவாது. மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தேங்காய்ப்பால், நெய், முந்திரி விழுது இவற்றில் ஒன்றைச் சேர்க்கலாம். தயிர் என்றால் அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின்.

அடிப்பிடித்த வாசனை வந்தவுடன்

கை தானாகக் கரண்டியை எடுத்து அடியோடு கிண்டப் போகும். அதுதான் மொத்தத்தையும் கெடுக்கும். கருகியது அடியில் ஒரு படலமாக இருக்கும்வரை மேலே இருப்பது பிழைத்திருக்கும். கிண்டிவிட்டால் வாசனை முழுக்கப் பரவும்.

அடுப்பை அணையுங்கள். ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அதில் பாத்திரத்தை வையுங்கள். அடிச்சூடு அடங்கினால் கருகுவது நிற்கும். பிறகு சாய்க்காமல், சுரண்டாமல், மேலாக இருப்பதை மட்டும் கரண்டியால் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியில் இரண்டு கரண்டி அளவு விட்டுவிடுங்கள், ஆசைப்படாதீர்கள். மாற்றியதை ருசி பாருங்கள். லேசான வாடை என்றால் புதிதாகத் தாளித்துக் கொட்டினால் அடங்கும். கசப்பு ஏறிவிட்டது என்றால் எதைச் சேர்த்தாலும் போகாது. பாலில் இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. அடிப்பிடித்த பாலில் காபி போட்டால் அந்த வாடையே முன்னால் நிற்கும்.

பாத்திரத்தைத் தேய்க்க: எவர்சில்வர் என்றால் கருகல் மூழ்கும் அளவு தண்ணீரும் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறும்வரை ஊறவிட்டால் மரக்கரண்டிக்கே பெயர்ந்து வரும். அலுமினியத்தில் சோடா வேண்டாம், கறுத்துவிடும். அதற்குப் புளித்தண்ணீர்தான்.

பருப்பு வேகவில்லை, காய் கல்லாக இருக்கிறது

எட்டு விசில் விட்டும் பருப்பு முழுசாக இருந்தால் குக்கரைத் திட்டுவதற்கு முன் உள்ளே என்ன போனது என்று பாருங்கள். தக்காளியோ புளியோ பருப்போடு சேர்ந்து போயிருந்தால் காரணம் அதுதான். பருப்பையும் காயையும் இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் வெந்நீரில் கரைந்தால்தான் அவை குழையும். புளிப்பு அதைக் கரையவிடாது. கிணறு, போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் அதே வேலையைச் செய்யும். வருஷக்கணக்கில் டப்பாவில் கிடந்த பருப்பும் லேசில் வேகாது.

புளிப்பு சேராமல் வேகாதது என்றால், ஒரு கப் பருப்புக்கு இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகை சமையல் சோடாவும் அரை கப் வெந்நீரும் சேர்த்து இன்னும் மூன்று விசில் விடலாம். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும். பருப்பு நுரைத்து எழும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. தக்காளியோடு வேகாத பருப்புக்கு வேறு வழி: வடிகட்டி, பருப்பை மட்டும் புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்து, வடித்த தண்ணீரைக் கடைசியில் சேர்ப்பது. அடுத்த முறைக்கு ஒரு கப் பருப்புக்கு மூன்று கப் தண்ணீர், அரை மணி நேர ஊறல், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், நாலு சொட்டு எண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும், விசில் வழியாக மஞ்சள் தண்ணீர் பீறிட்டு அடுப்பு முழுக்கத் தெறிப்பது குறையும்.

குழம்பில் முருங்கைக்காயோ முள்ளங்கியோ பாதி வேகும் முன் புளி ஊற்றிவிட்டால், மேலும் கொதிக்கவிட்டுப் பயனில்லை. குழம்பு சுண்டும், காய் அப்படியே நிற்கும். காயை மட்டும் அரித்தெடுத்து, வெறும் தண்ணீரில் வேகவைத்துத் திருப்பிப் போடுங்கள். இதே குணம் சில இடங்களில் நமக்கு உதவும். வெண்டைக்காய் குழைந்து வழவழக்கும்போது ஒரு கரண்டி புளித்தண்ணீரோ தயிரோ விட்டால் வழவழப்பு அடங்கி, துண்டு துண்டாக நிற்கும்.

குக்கரில் விசிலே வரவில்லை, ஓரத்தில் ஆவி போகிறது என்றால் கேஸ்கட் தளர்ந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் அன்றைக்கு ஓடும், வாரத்துக்குள் புதிது வாங்குங்கள். ஆவி எங்கேயும் வராமல் குக்கர் மௌனமாக இருப்பதுதான் ஆபத்து: வெயிட் உட்காரும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் வற்றியிருக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தானாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். மூடும் முன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்க்கப் பத்து நொடிகூட ஆகாது. சேஃப்டி வால்வு உருகிவிட்டால் அதே கம்பெனியின் வால்வை மட்டும் போடுங்கள். வேறு எதையாவது வைத்து அடைப்பது விளையாட்டல்ல.

மோர்க்குழம்பும் வெல்லப் பாயசமும் திரிந்தால்

மோர்க்குழம்பு கொதித்தால் திரியும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குவதே பதம். அரைப்பில் ஊறவைத்த துவரம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி இருந்தால் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். பிரிந்துவிட்டால் ஆறவைத்து, ஒரு தேக்கரண்டி அரிசிமாவு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று, பிறகு சிறு தீயில் கிண்டிக்கொண்டே சூடாக்குங்கள். பழைய வழவழப்பு முழுதாக வராது. சோற்றில் பிசைந்தால் யாருக்கும் தெரியாது.

பாயசத்தில் பால் திரிந்தால் சேராது. வெல்லத்தையும் பாலையும் கொதிக்கும் நிலையில் சேர்த்ததுதான் காரணம். இரண்டும் வெதுவெதுப்பாக ஆனபின் கலக்க வேண்டும். திரிந்ததைக் கொட்ட வேண்டியதில்லை, நெய் விட்டுச் சுண்டக் கிளறினால் திரட்டுப்பால் மாதிரி ஒரு இனிப்பு கிடைக்கும்.

சீடை

கோகுலாஷ்டமி அன்று எண்ணெய்ச் சட்டியிலிருந்து சீடை துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பறந்தால் அது அதிர்ஷ்டக் குறைவு அல்ல. உருண்டையின் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடுகிறது. வழி இல்லையென்றால் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும், கொதிக்கும் எண்ணெயையும் தெறித்துக்கொண்டு. ஆகவே செய்ய வேண்டியது இரண்டுதான்: உள்ளே ஈரத்தைக் குறைப்பது, ஆவிக்கு வழி விடுவது.

ஒரு கப் பச்சரிசி மாவை வெறும் வாணலியில் வறுங்கள். விரலால் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறுந்துபோகாமல் விழ வேண்டும், அதுதான் பதம். ஆறியதும் சன்னச் சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். ஒரு மேசைக்கரண்டி வறுத்து அரைத்த உளுத்தம்மாவையும் அப்படியே சலித்துச் சேருங்கள். சல்லடையில் தங்கும் குருணை ஒன்று உள்ளே போனாலும் அந்த உருண்டை வெடிக்கலாம். உப்பைக் கல்லாகப் போடாமல் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எள் ஒரு தேக்கரண்டி, தேங்காய்த் துருவலைச் சேர்ப்பதானால் ஈரம் போக வறுத்தபின்.

உருட்டும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். கோலிக்குண்டு மாதிரிப் பளபளவென்று, இறுக்கி, விரிசலில்லாமல் உருட்டினால் பார்க்க அழகு, வெடிப்பதும் அதுதான். உள்ளங்கையில் அழுத்தாமல், சும்மா திரட்டி விடுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக, மயிரிழை விரிசலோடு இருக்கட்டும், ஆவி அதன் வழியே போகும். பருத்தித் துணியில் பரப்பி அரை மணி நேரம் உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து.

எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். முதலில் மூன்றே மூன்று உருண்டை. ஒரு கையில் தட்டைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, நாலு நிமிடம் காத்திருங்கள். வெடிக்கவில்லை என்றால் மீதியைப் போடலாம். எண்ணெயின் சலசலப்பு அடங்கி, கரண்டியால் கிளறினால் கலகலவென்று சத்தம் கேட்டால் வெந்துவிட்டது.

சோதனை உருண்டை வெடித்தால் அந்த மாவில் மறுபடி சீடைக்கு முயலாதீர்கள். மெல்லிய தட்டையாகத் தட்டி, முள்கரண்டியால் நெடுகக் குத்திப் பொரித்துவிடுங்கள். கிருஷ்ணர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எண்ணெய் தீப்பிடித்தால், கை சுட்டால்

எண்ணெய் புகைய ஆரம்பித்தாலே அணைத்துவிடுங்கள். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் கூடவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, சுமார் 1,600 மடங்கு விரியும். எரியும் எண்ணெய் கூரைவரை எழும். கேஸை மூடி, ஒரு உலோகத் தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டியை மூடுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். தீ அடங்கியது மாதிரித் தெரிந்தாலும் எண்ணெய் ஆறும்வரை மூடி இருந்தபடியே இருக்கட்டும், திறந்தால் மறுபடி பற்றும். மூட முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு 101.

கை சுட்டால் முதலில் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கியபின் வராது. பிறகு குழாய்த் தண்ணீரில், ஓடும் தண்ணீரில், 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்தது என்று கையை எடுத்துவிடுகிறார்கள். அதற்குள் தோலின் உள்சூடு தணிந்திருக்காது. இட்லி மாவு, பற்பசை, பேனா மை, ஐஸ் எதுவும் வேண்டாம். மாவும் மையும் புண்ணை அழுக்காக்கி, டாக்டர் பார்ப்பதற்கும் தடையாக நிற்கும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், மூட்டு, அல்லது குழந்தைக்குப் பட்டது என்றால் அந்த 20 நிமிடம் முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரி.