பின்-உண்மையை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் பரிமாறப்பட்ட உணவில் தென்பட்ட சிறு கட்டி, மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்று குற்றஞ்சாட்டப்பட்டது. சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்றவர்களின் அதட்டலுக்கு ஆம் என்பதுபோல் பதிலளித்த காணொளி பேஸ்புக்கில் பரவியது. அவ்விரவில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னரே அறிக்கையிட்டார்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பின்-உண்மை (post-truth) பற்றிய ஆய்வுத் துறைக்கு வரும் மாணவர்கள் இந்நிகழ்வை எடுத்தாளும்போது, அதைப் 'பொய்ச் செய்தி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதே அடிப்படைத் தவறு. காணொளி பொய்யன்று, அதற்குக் கற்பிக்கப்பட்ட பொருளே பொய். 2016ஆம் ஆண்டின் சொல்லாக ஒக்ஸ்போர்ட் அகராதி 'பின்-உண்மை'யைத் தெரிவுசெய்தபோது, புறவயமான தகவல்களைவிட உணர்ச்சியும் சொந்த நம்பிக்கையும் பொதுக்கருத்தை அதிகம் உருவாக்கும் நிலை என்றே அதை விளக்கியது. ஆகவே, தகவல் சரியா பிழையா என்பதோடு நின்றுவிடாமல், இனப்பெருக்கம் பற்றி ஏற்கெனவே ஊட்டப்பட்டிருந்த எந்த அச்சம் அந்த மாக்கட்டியை மாத்திரையாகக் காட்டியது என்று ஆய்வாளர் கேட்டாக வேண்டும்.

பகிர்வுகளின் எண்ணிக்கையை நம்பிக்கையின் அளவாகக் கொள்வதும் தவறு. சுனாமியைக் கண்ட மட்டக்களப்பின் கல்லடியில் ஒருவர், "கடல் வருதாம், உண்மையா மாமி?" என்று கேட்டு ஒரு குரல்பதிவை அனுப்பினால், அவர் அதை நம்பியும் இருக்கலாம், சரிபார்க்கவும் முயன்றிருக்கலாம். உண்மைச் செய்தி 1500 பேரை அடையப் பொய்ச் செய்தியைவிட ஆறு மடங்கு நேரம் எடுத்தது என்ற 2018ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வு முடிவு, டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 126,000 செய்திகளிலிருந்து பெறப்பட்டது; அதை நம்மூர் வட்ஸ்அப் குழுக்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

பேஸ்புக் பதிவுகளைத் திரட்ட உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவி 2024 ஓகஸ்டில் மூடப்பட்டபின் தரவு பெறுவது கடினமாகிவிட்டது. அதற்காக, கைக்கு எட்டிய பொதுப் பதிவுகளை மட்டும் வைத்துச் சமூகத்தின் கருத்து இதுவென்று எழுதக்கூடாது.

நான் மிகப் பாரதூரமாகக் கருதுவது வேறொன்று: வட்ஸ்அப் குழு உரையாடல்களை அனுமதியின்றித் திரைப்பிடிப்பாக ஆய்வேட்டில் சேர்ப்பது. தொலைபேசி இலக்கத்தை மறைத்தால் மட்டும் போதாது. கிராமத்தின் பெயரும் பேச்சு வழக்கும் தெரிந்தாலே இன்னார் என்று சொல்லிவிடக்கூடிய ஊர்கள் இவை.