ஏழு சீட்டு ஸ்டட் போக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழு சீட்டு ஸ்டட் போக்கரில் ஒருவருக்கு வரும் ஏழு சீட்டுகளில் நான்கு, எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வைக்கப்படுகின்றன. முதல் இரண்டும் கடைசி ஒன்றும் மட்டுமே கவிழ்ந்திருக்கும். இவ்வளவு செய்தி கண்முன்னே கிடக்கும்போது, புதிதாக ஆடுவோர் தம்மிடம் மறைந்திருக்கும் இரண்டு சீட்டுகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த ஆட்டத்தின் தலையாய தவறு என்பேன். மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

எட்டுப் பேர் ஆடும்போது உங்களுக்கு முதலில் வந்த மூன்று சீட்டுகளும் ஹார்ட்டின் என்று கொள்வோம். ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தைச் சேர்ந்த ஐந்து சீட்டுகள், அமைய, இனி வரும் நான்கு சீட்டுகளில் குறைந்தது இரண்டு ஹார்ட்டினாக இருக்க வேண்டும். மற்ற ஏழு பேரின் திறந்த சீட்டுகளில் ஒன்றுகூட ஹார்ட்டின் இல்லையென்றால், கண்ணில் படாத 42 சீட்டுகளில் 10 ஹார்ட்டின் மிச்சமிருக்கின்றன. கடைசிவரை நின்றால் ஏறத்தாழ 100-க்கு 24 முறை ஃப்ளஷ் அமையும். அந்த ஏழில் நான்கு ஹார்ட்டினாக இருந்தாலோ மிச்சம் ஆறுதான். வாய்ப்பும் 9 முறையாகச் சுருங்கிவிடும். கையில் இருப்பவை அதே மூன்று சீட்டுகள்தாம், ஆனால் முதல் நிலையில் தாராளமாகத் தொடரலாம், இரண்டாவதில் விலகிவிடுவதே முறை. ஜோடிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்: உங்களிடம் இரண்டு எட்டுகள் இருக்க, மற்ற இரண்டும் எதிரே திறந்து கிடந்தால், மூன்றாவது எட்டுக்காகக் காத்திருப்பதில் பொருளே இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் ஆட்டத்திலிருந்து விலகியதும் அவருடைய திறந்த சீட்டுகள் கவிழ்க்கப்பட்டு அகற்றப்படுகின்றன. அதன்பின் அவற்றை மறுபடி பார்க்க இயலாது. ஆகவே சீட்டுகள் போடப்பட்ட உடனேயே, பந்தயம் தொடங்குமுன், அவற்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் நினைவில் வைப்பது கடினம்தான். உங்கள் கைக்குத் தேவையான எண்களையும் இனத்தையும் மட்டுமாவது எண்ணி வையுங்கள்.

அடுத்த தவறு, விலக வேண்டிய இடத்தைத் தவறவிடுவது. பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஆட்டத்தில் மூன்றாம், நான்காம் சீட்டுகளின்போது சிறிய பந்தயமும், ஐந்தாம் சீட்டிலிருந்து அதன் இருமடங்கும் கட்டப்படுகின்றன. இரண்டு ஒன்பதுகள் கொண்ட ஜோடியை வைத்துக்கொண்டு, திறந்த கிங்குடன் பந்தயத்தை உயர்த்துபவரை நான்காம் சீட்டுவரை பின்தொடர்ந்தவர், ‘இவ்வளவு கட்டியாயிற்றே’ என்று ஐந்தாவதிலும் தொடர்கிறார். அதற்குப் பின் நடுவில் சேர்ந்திருக்கும் தொகையே அவரைக் கடைசிவரை இழுத்துச் சென்றுவிடுகிறது. கை மேம்படவில்லையென்றால் ஐந்தாம் சீட்டுக்கான பந்தயம் வரும்போதே விலகுவது, அதற்குப் பின் விலகுவதைவிடப் பல மடங்கு மலிவானது.

விதிகளிலும் சில குழப்பங்கள் உண்டு. மிகச் சிறிய திறந்த சீட்டை உடையவரே முதல் பந்தயத்தைக் கட்டாயமாகக் கட்ட வேண்டும். எண் சமமானால் கிளாவர், டைமண்ட், ஹார்ட்டின், இஸ்பேட் என்ற ஏறுவரிசையில் இனம் பார்க்கப்படும். இந்த வரிசையை இறுதியில் வெற்றியாளரைத் தீர்மானிக்கவும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது பிழை. கைகள் சமமானால் தொகை பங்கிடப்படும். ஏழில் சிறந்த ஐந்து சீட்டுகளே கணக்கில் வருவதால், மூன்று ஜோடிகள் இருந்தாலும் இரண்டுக்கே மதிப்பு.

கடைசியாக ஒன்று. எதிராளியின் திறந்த நான்கு சீட்டுகளில் குயின்களின் ஜோடியும் ஐந்துகளின் ஜோடியும் தெரிகின்றன. உங்களிடம் ஜாக்குகளின் ஜோடியும் ஒன்பதுகளின் ஜோடியும் உள்ளன. அவருடைய கவிழ்ந்த மூன்று சீட்டுகளும் எதற்கும் உதவாதவையாக இருந்தாலும், அவர் ஏற்கெனவே வென்றுவிட்டார். ஆயினும் ஏழாம் சீட்டுக்குப் பிறகு, ‘அவர் பொய்யாகப் பந்தயம் கட்டுகிறாரோ’ என்று ஐயப்பட்டு, அவர் கட்டிய அதே தொகையைக் கட்டி ஈடு கட்டுவோரை அடிக்கடி காணலாம். எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கட்டுமுன், அவருடைய திறந்த சீட்டுகளையாவது நம் கை வெல்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சில நொடிகளே போதும்.