வாடகைக் காரில் ஜீ.பி.எஸ்: இரு தரப்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவின் சிகிச்சைக்காக வெள்ளவத்தையில் ஐந்து நாட்களுக்கு ஒரு கார் வாடகைக்கு எடுத்திருந்தேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது உரிமையாளர் அக்கறையோடுதான் கேட்டார்: "யாருக்குத் தம்பி வருத்தம்? ஐந்து நாளும் காலையில் மகரகமவில்தானே நின்றீர்கள்?" மகரகம என்ற சொல்லையே நான் அவரிடம் உச்சரித்திருக்கவில்லை. அங்கே இருப்பது புற்றுநோய் வைத்தியசாலை என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்களுக்கே நாங்கள் இன்னும் சொல்லாத செய்தி, அவருடைய கைத்தொலைபேசியின் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக இருந்தது.

அவர் காரில் ஜீ.பி.எஸ் கருவி பூட்டியதை நான் குறை சொல்லவில்லை. வாடகைக்கு எடுத்த காரை அடகு வைத்துவிட்டுத் தலைமறைவானவர்களால் நொந்துபோன உரிமையாளர்கள் இருக்கிறார்கள். லீசிங் தவணை வேறு கழுத்தை நெரிக்கும். ஆனால், "கார் என்னுடையது, அது போகும் இடத்தைத்தானே பார்க்கிறேன்" என்று நினைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய். வாடகை நாட்களில் கார் போகும் இடம் என்பது ஒரு மனிதர் போகும் இடம். கார் குறித்த நாளில் திரும்பவில்லையா, தேடுங்கள். ஒழுங்காகத் திரும்பும் காரை மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருக்க என்ன தேவை?

ஜீ.பி.எஸ் செய்மதி யாரையும் கண்காணிப்பதில்லை. காரில் உள்ள கருவி குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகளை வாங்கித் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அதை வெளியே அனுப்புவது உள்ளே இருக்கும் சிம் அட்டை. அந்தத் தகவல் போய்ச் சேரும் கணினியில் பழைய பயணங்களும் தேங்கிக் கிடக்கும். கடவுச்சொல் தெரிந்த எவரும் அவற்றைப் பார்க்கலாம். மலிவான கருவிகள் பல 123456 என்ற கடவுச்சொல்லோடுதான் வருகின்றன. 2019இல் அவாஸ்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இப்படித் திறந்து கிடந்த சுமார் 6 லட்சம் கருவிகளைக் கண்டறிந்தார்கள். தனியாகக் கார் ஓட்டும் ஒரு பெண் இரவில் எந்த ஒழுங்கையில் வண்டியை நிறுத்துகிறாள் என்பது, முன்பின் தெரியாத ஒருவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பூட்டிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதை டிரைவருக்கும் மைத்துனருக்கும் கொடுத்து வைக்காதீர்கள். வேலையை விட்டுப் போனவரிடமும் அது இருக்கும்.

சில கருவிகளில் ஒலிவாங்கியும் உண்டு. அந்த சிம் இலக்கத்துக்கு அழைத்தால் காருக்குள் பேசுவது கேட்கும். அதை இணைக்க எந்த நியாயமும் இல்லை. இன்னொன்று, எரிபொருள் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் தூரத்திலிருந்தே துண்டிக்கும் ரிலே. திருட்டுக்காக வந்த இந்த வசதியை, வாடகை பிந்தினால் அழுத்தும் பொத்தானாக ஆக்கக் கூடாது. ஏ9 வீதியில் பின்னால் லொறி நெருங்கி வரும்போது எஞ்சின் நின்றால், உள்ளே இருப்பது ஒரு குடும்பம்.

கருவி இருப்பதை மறைப்பதும், அதை வைத்து அபராதம் அறவிடுவதும் தவறு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஒரு வாடகைக் கார் நிறுவனம், வாடிக்கையாளர் ஒருவர் மூன்று தடவை வேகமாக ஓட்டியதை ஜீ.பி.எஸ் மூலம் பார்த்து, தடவைக்கு 150 டொலர் வீதம் 450 டொலரை அவருடைய கணக்கிலிருந்து எடுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2005இல் நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது. கலிபோர்னியாவில் வாடகை நிறுவனங்கள் இப்படிக் கண்காணிப்பதையே சட்டம் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. எதற்காகத் தரவு எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும், அந்த நோக்கத்தைத் தாண்டக் கூடாது, தேவை முடிந்த பின் வைத்திருக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். ஒப்பந்தப் படிவத்தில் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி எழுத என்ன செலவு?

வாடகைக்கு எடுப்பவர்களும் தவறு செய்கிறோம். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற அவசரத்தில் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறோம். கருவி உண்டா, எத்தனை நாள் பதிவு இருக்கும், யார் பார்ப்பார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு முற்பணம் கொடுங்கள். கருவியைக் கண்டுபிடித்தால் வயரை நீங்களே பிடுங்காதீர்கள். ஒப்பந்தத்தை மீறியவராவீர்கள், காரும் நின்றுவிடக்கூடும். அடையாள அட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால், எதற்காகக் கொடுத்தது என்பதையும் திகதியையும் படத்தின் மேலேயே எழுதி அனுப்புங்கள்.

நாம் பெரிதாக மறப்பது புளூடூத்தை. பாட்டுக் கேட்கக் கைத்தொலைபேசியை இணைக்கும்போது, அனுமதி கேட்டதும் 'சரி' என்று அழுத்திவிடுகிறோம். தொடர்பு இலக்கங்களும் அழைப்புப் பட்டியலும் காருக்குள் இறங்கிவிடுகின்றன. நான் எடுத்த காரின் திரையில் எனக்கு முன் ஓட்டிய ஏழு பேரின் கைத்தொலைபேசிகள் பெயரோடு வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டதும் 'அம்மா', 'சித்தி லண்டன்', 'டொக்டர்' என்று இலக்கங்கள் விரிந்தன. வழிகாட்டியில் 'வீடு' என்று ஒரு முகவரியும் சேமிக்கப்பட்டிருந்தது. அன்று சாவியைக் கொடுக்கும்போது உரிமையாளரை முன் ஆசனத்தில் இருத்தி அதைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அழித்தார். தன் கைத்தொலைபேசியை எடுத்து, என் ஐந்து நாள் பயணப் பதிவையும் என் கண் முன்னாலேயே நீக்கினார்.