மலேசியாவின் கேமரன் மலைக்குக் கூட்டமாக மோட்டார் சைக்கிள் ஓட்ட

தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலையில் மலை ஏறினால் ஒருவர் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பறப்பார், ஒருவர் ஓரமாகவே ஊர்வார். எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுத்ததுதான் எங்கள் தவறு. பிடிக்கத் துரத்துபவர்தான் வளைவில் எதிர்த் தடத்துக்குப் போய்விடுவார்.

இப்போது ஈஎக்ஸ்5 என்ற சின்ன மோட்டாரில் வருபவர் முதல் ஆளுக்கு அடுத்து; கூட்டத்தின் வேகம் இந்தச் சின்ன வண்டியின் வேகம்தான். கடைசியில் அனுபவசாலி, கையில் டியூப், பம்பு, ஸ்பேனர். நேர்ச்சாலையில் ஒருவர் தடத்தின் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என மாறி மாறி, முன்வண்டிக்கு 2 வினாடி இடைவெளி, மழையில் 4. வளைவில் ஒற்றை வரிசைதான். சந்திப்பு வந்தால் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். இது ஒன்றைச் செய்தாலே யாரும் வழி தவறமாட்டார்கள்.

முறுக்குபவர் போகட்டும், வழியில் உள்ள லத்தா இஸ்கந்தர் அருவியில் காத்திருப்பார். திட்டினால் இன்னும்தான் முறுக்குவார்! பெட்ரோல் தாப்பாவிலேயே முழு டேங்க்.