பழைய டெலி லென்ஸ்: பழியை லென்ஸ் மேல் போடுவதற்கு முன்

என்னிடம் இருப்பது தூரத்துப் பறவையைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸ், சூப்பர் டாக்குமர் 200 மி.மீ., எஃப் 4 (எஃப் எண் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, எண் ஏற ஏறத் துளை சிறிதாகும்). 1960களில் ஜப்பானின் அசாஹி ஆப்டிக்கல் கொண்டுவந்த வரிசை, எம்42 திருகு மவுண்ட், அதாவது கேமராவில் திருகி மாட்டும் வகை. அதை அடாப்டர் என்ற இடைத்துண்டு வைத்து சோனி ஏ6500 கேமராவில் மாட்டி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போன முதல் நாள் இருநூறு சொச்சம் படம் எடுத்தேன், தேறியது மூன்று. 'பழைய கண்ணாடி, இவ்வளவுதான் வரும்' என்று அலமாரியில் போட்டுவிட்டேன். பல மாதம் கழித்து உட்கார்ந்து பார்த்தால், அதில் முக்கால்வாசிப் படங்களைக் கெடுத்தது நான்தான்.

அன்று லென்ஸின் துளை வளையத்தை எஃப் 8-இல் வைத்துத்தான் எடுத்தேன், ஆனால் எல்லாமே எஃப் 4-இல்தான் விழுந்திருக்கிறது. இந்த லென்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். பழைய ஃபிலிம் கேமராவில் பட்டனை அமுக்கும்போது அந்த ஊசியும் அமுங்கி, அப்போதுதான் துளை சுருங்கும். ஊசியை அமுக்கும் விளிம்பு இல்லாத அடாப்டராக இருந்து, லென்ஸில் உள்ள குட்டி சுவிட்ச் ஆட்டோவில் இருந்தால், வளையத்தை எவ்வளவு திருகினாலும் துளையைச் சுருக்கும் இதழ்கள் அசையாது. சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளுங்கள். லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்பினால் துளை சுருங்குகிறதா என்று தெரிந்துவிடும், அரை நிமிட வேலை. படத்தின் தகவலில் துளை எண் பதிவாகாது என்பதால், வீட்டுக்கு வந்த பிறகு லேசில் கண்டுபிடிக்கவும் முடியாது.

அடாப்டர் வாங்கும்போதே ஒரு தவறு நடக்கும். எம்42 லென்ஸ், கேமராவின் உள்ளே படம் பதியும் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். நிக்கான் கேமராவின் எஃப் மவுண்டில் அந்தத் தூரமே 46.5 மி.மீ., அதாவது அடாப்டர் போடுவதற்கு முன்பே ஒரு மில்லிமீட்டர் அதிகம். அதனால் தூரத்தில் இருக்கும் எதுவும் ஃபோகஸ் ஆகாது. அதைச் சரிசெய்ய உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர்கள் கிடைக்கின்றன, ஆனால் மலிவானவற்றில் படத்தின் கூர்மை போய்விடும். கேனானின் இஎஃப் மவுண்ட் 44 மி.மீ. என்பதால் அதில் பிரச்சினை இல்லை. மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத கேமரா) என்றால் கவலையே வேண்டாம், சோனி ஈ மவுண்ட் வெறும் 18 மி.மீ.தான்.

கவலை வேண்டாம் என்றேன், ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பல அடாப்டர்கள் இருக்க வேண்டியதைவிட ஒரு மயிரிழை குட்டையாக இருக்கும். அதனால் 'முடிவிலி', அதாவது வெகு தூரப் பொருள் தெளிவாக விழும் இடம், ஃபோகஸ் வளையம் முட்டி நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். தூரத்தில் பூநாரைக் கூட்டம் நிற்கிறது, கடைசிவரை திருகினால் போதும் என்று நினைத்தால், மொத்தக் கூட்டமும் மங்கல்.

ஃபோகஸ் பீக்கிங்கை (தெளிவாக விழும் ஓரங்களைத் திரையில் நிறத்தால் காட்டும் வசதி) அப்படியே நம்புவதும் இதே வகைதான். 200 மி.மீ.-இல், எஃப் 4-இல், பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் கொக்குக்கு இந்த கேமராவில் கிடைக்கும் தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் இடம், சுமார் 40 செ.மீ. கொக்கின் முன்னால் இருக்கும் கோரையும் மஞ்சளாக மினுங்கும், கொக்கும் மினுங்கும், நாம் சந்தோஷமாகப் பட்டனை அமுக்குவோம். திரையைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்து ஃபோகஸ் செய்வதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, கேமராவின் உள்ளேயே இருக்கும் நடுக்கத் தடுப்பு. பழைய லென்ஸ் தன் பெயரைக் கேமராவிடம் சொல்லாது, குவியத் தூரத்தை நாம்தான் மெனுவில் போட வேண்டும். நேற்று 50 மி.மீ. லென்ஸ் மாட்டிய நினைப்பிலேயே கேமரா இருந்தால், 200-க்கு அது செய்யும் திருத்தம் பாதிகூட வராது. இன்னொன்று, இந்த கேமராவின் சென்சார் சிறியது, 200 மி.மீ. இதில் 300 போல நெருங்கித் தெரியும், அதனால் '1.5 மடங்கு சென்சார் ஆச்சே' என்று 300 போடுவார்கள். வேண்டாம், அங்கே 200-தான். அந்த ஒன்றரை மடங்குக் கணக்கு ஷட்டருக்குத்தான், கையில் பிடித்தால் குறைந்தது 1/300 விநாடி. நான் 1/500-க்குக் கீழே போவதில்லை, பறக்கும் பறவைக்கு 1/1000. ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். நடுக்கத் தடுப்பு நம் கையைத்தான் அடக்கும், பறவையின் சிறகை அடக்காது.

படம் பால் ஊற்றியது போல் வெளுத்து வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். சூப்பர் டாக்குமரின் கண்ணாடியில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு பழைய காலத்தது, அசாஹியின் பல அடுக்குப் பூச்சு 1971 வாக்கில்தான் வந்தது, அதனால் ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பு) கட்டாயம். மேலே மாட்டிய மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். இரண்டாவது அடாப்டரின் உட்சுவர். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தால் சிலது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளக்கும். உள்ளே பளபளப்பில்லாத கறுப்புத் துணி ஒட்டிய பிறகு என் படங்களில் கறுப்பு கறுப்பாகவே வருகிறது.

வெள்ளைக்கொக்கின் ஓரத்தில் ஊதாக் கோடு வருவது மட்டும் நிஜமாகவே லென்ஸின் குறைதான். எஃப் 5.6 அல்லது 8-க்குச் சுருக்கி, வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்து எடுத்தால் பெருமளவு அடங்கும்.

காலை ஒன்பதரை மணிக்கு மேல் சேற்றுக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று கொதிக்க ஆரம்பித்துவிடும், படம் கலங்கலாக வரும். அதற்கு லட்ச ரூபாய் லென்ஸும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள், அல்லது பறவை பக்கத்தில் வரும்வரை பொறுங்கள்.

எடை விஷயம் சுருக்கமாக: ரஷ்ய டாயிர்-3 மாதிரி ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும் 300 மி.மீ. லென்ஸ் என்றால் ட்ரைபாடில் லென்ஸைத்தான் மாட்ட வேண்டும், கேமராவை அல்ல. அடாப்டரில் தொங்கவிட்டால் மவுண்ட் ஆட்டம் காணும்.

அப்புறம், லென்ஸோடு வந்த தோல் உறை. பார்க்க அம்சமாக இருக்கும், அதிலேயே திரும்ப வைக்கத் தோன்றும். சென்னை ஈரக்காற்றில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடியில் ஃபங்கஸ் வலை பின்னும். என் டாக்குமர் இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. தோல் உறையில் பழைய பேட்டரிகள் கிடக்கின்றன.