கண்ணாடி ஓவியங்களை ஒட்டி அடுக்காதீர்கள்

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இருந்துகொண்டு தனிக் கண்காட்சிக்குக் கண்ணாடி ஓவியங்களைச் சேர்த்து வைப்பவர்கள் கவனிக்கவும். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஒட்டி அடுக்கிய கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் சிக்கினால், கண்ணாடியிலிருக்கும் சோடியம் கசிந்து காரமாகிப் பரப்பையே அரித்துவிடும். பால் படிந்ததுபோன்ற அந்தக் கறை எவ்வளவு துடைத்தாலும் போகாது. இரண்டு ஓவியங்களை நான் அப்படித்தான் இழந்தேன். இன்றும் மனம் ஆறவில்லை. இடையில் செய்தித்தாளும் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு மூலைகளிலும் சிறு தக்கைத் துண்டுகள் வைத்து, காற்றோட்டமான அறையில், மரச்சட்டத்துக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்தால் அடியில் இருப்பது பாரத்தில் விரிசல் விடும்.