பீலியில் ஐஸ் கட்டினால் பரணில் ஏறிப் பாருங்கள்

முதல் குளிர்காலத்தில் எங்கள் கூரை ஓரத்தில் ஐஸ் ஈட்டி ஈட்டியாகத் தொங்கியது. அழகாக இருக்கிறதென்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அடுத்த குளிர்காலத்தில் அந்த இடத்துக்கு நேர் உள்ளே, ஜன்னலுக்கு மேலே, சுவரில் பழுப்பாக ஒரு கறை இறங்கியது. அப்போதுதான் அது அழகில்லை, வியாதி என்று புரிந்தது.

பீலி என்று நான் சொல்வது கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக் கால்வாயை. கட்டர் என்றால்தான் சிலருக்குப் புரியும். குற்றம் பீலியுடையது என்று நினைத்து முதலில் அதைத்தான் மாற்றினேன். புதுப் பீலியிலும் ஐஸ் கட்டியது.

நடப்பது இதுதான். வீட்டுக்குள் இருக்கும் சூடு பரணுக்கு, அதாவது உள்கூரைக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு, ஏறி, கூரைப் பலகையை வெதுவெதுப்பாக்குகிறது. மேலே கிடக்கும் பனி அடியிலிருந்து உருகி வழிகிறது. இறவாரம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது; அதன் கீழே சூடு கிடையாது. வழிந்து வந்த தண்ணீர் அங்கேயும் பீலியிலும் உறைந்து ஓர் அணை எழும்புகிறது. பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, ஷிங்கிளுக்கு (கூரை மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேயும் தட்டையான தகடுகள்) அடியில் புகுந்துவிடுகிறது. ஷிங்கிள் வழிந்தோடும் தண்ணீரைத்தான் தடுக்கும், தேங்கும் தண்ணீரை அல்ல. இதில் பாரமும் சேர்கிறது. 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம் என்று பீலியைப் பெட்டி வடிவமாக வைத்துக் கணக்குப் போட்டேன்: 10 மீட்டர் நீளத்துக்கு முழுக்க உறைந்தால் ஏறத்தாழ 88 கிலோ. ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதில் ஆச்சரியம் என்ன?

சரி, இலையுதிர் காலத்திலேயே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடைசி இலையும் விழுந்த பிறகு பீலியை வழித்துச் சுத்தம் செய்யுங்கள். அவசரப்பட்டு முன்னாலேயே செய்தால் இரண்டு தடவை ஏணி ஏற வேண்டிவரும். அப்புறம் ஹோஸால் தண்ணீர் விட்டு, அது இறங்குகுழாய் வழியாகத் தாராளமாகக் கீழே வருகிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது குளம்போல நின்றால் பீலி தொய்ந்திருக்கிறது; குழாய்ப் பக்கமாக 10 அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். பீலிக்கு மேல் போடும் வலைமூடி இலையைத் தடுக்கும், ஐஸைத் தடுக்காது. அதை நம்பிப் பணம் போட்டவன் சொல்கிறேன்.

இதெல்லாம் பாதி வேலைதான். மீதி பரணில் இருக்கிறது.

பரணில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை, தெருவுக்குப் போய் உங்கள் கூரையைப் பாருங்கள். எங்கே பனி முதலில் உருகியிருக்கிறதோ அங்கேதான் அடியில் சூடு ஒழுகுகிறது. எதிர்வீட்டுக் கூரை முழுக்க வெள்ளையாக இருந்தது. எங்கள் கூரையில் மட்டும் குளியலறைக்கு மேலே வட்டமாகக் கறுப்பு. அதைக் கண்டது நானில்லை, என் மகள்: "அப்பா, நம்ம கூரைக்கு மட்டும் ஏன் சொட்டை விழுந்திருக்கு?" டார்ச்சோடு பரணில் ஏறினேன். குளியலறை மின்விசிறியின் வெளியேற்றுக் குழாய் கழன்று, பரண் தரையில் சூட்டைத் தடுக்கப் பரப்பியிருக்கும் இன்சுலேஷன் மேல் செத்த பாம்புபோலக் கிடந்தது. குளிக்கும் ஒவ்வொரு முறையும் வெந்நீராவி முழுவதையும் கூரைக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். குழாயை மாட்டிப் பட்டியால் இறுக்கி, அதைச் சுற்றியும் இன்சுலேஷன் சுற்றினேன். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியேதான் திறக்க வேண்டும், பரணுக்குள் அல்ல.

அடுத்து பரண் கதவு. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி விளிம்போரமாக மெல்ல நகர்த்தினால், புகை எங்கே மேலே இழுபடுகிறதோ அங்கே சூடு ஒழுகுகிறது. கதவைச் சுற்றி நுரைப்பட்டி ஒட்டினேன். உள்கூரையில் பதித்த விளக்குகள், கழிவுக்குழாய், மின்கம்பி ஏறும் துளைகள் ஆகியவற்றின் இடுக்குகளையும் அடைக்க வேண்டும். புகைபோக்கி ஓரத்தில் மட்டும் சாதாரண நுரை கூடாது. தீப்பிடிக்காத பூச்சும் தகரமும்தான். ஓட்டைகளை அடைத்த பிறகே இன்சுலேஷனைக் கூட்டுங்கள். அதை இறவாரத்துக் காற்றுத் துளைகள் வரை திணித்துவிடாதீர்கள். வெளியிலிருந்து குளிர்காற்று நுழைந்து, கூரை உச்சி வழியாகப் போக வேண்டும். கூரை முழுக்க ஒரே குளிராக இருப்பதுதான் நமக்கு நல்லது. பரணில் நடக்கும்போது மரச்சட்டங்கள் மேல் மட்டும் கால் வையுங்கள். நடுவில் மிதித்தால் கால் கீழ் அறைக்குள் தொங்கும்.

பனி அதிகமாகக் கொட்டும் நாட்களில் நீளக் கைப்பிடியுள்ள பனிவாரியால், தரையில் நின்றபடி, விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடி வரை இழுத்துவிட்டால் போதும். கூரை தெரியும்வரை சுரண்ட வேண்டாம். ஷிங்கிள் பொடி உதிரும். மின்கம்பி அருகே வாரியை நீட்டவே நீட்டாதீர்கள்.

சூடேற்றும் கேபிள் கடைசி வழிதான். சில கூரைகளின் அமைப்பே அப்படி, வேறு வழி இருக்காது. போட்டால் விளிம்பில் வளைந்து வளைந்து மட்டும் போதாது. பீலி நெடுகவும் இறங்குகுழாயின் அடி வரையும் போக வேண்டும். இல்லையென்றால் உருகிய தண்ணீர் குழாயில் போய் உறையும். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் இணைப்பில்தான் மாட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஐஸ் கட்டிவிட்டால்? சுத்தியல், கோடரி, வெந்நீர் மூன்றும் வேண்டாம். நைலான் காலுறையில் கால்சியம் குளோரைடை (ஐஸ் உருக்கும் ஒரு வகை உப்பு) கொட்டி முடிந்து, அணைக்குக் குறுக்கே, ஒரு முனை பீலிக்கு மேல் நீட்டும்படி வைத்தால், உருகி ஒரு வாய்க்கால் விழும். ஏணி வழுக்கும் நாளில் அதையும் வைக்கப் போகாதீர்கள். நீராவியால் உருக்கும் ஆட்களைக் கூப்பிடலாம். சமையல் உப்பு கடுங்குளிரில் வேலை செய்யாது. தகரத்தையும் கீழே உள்ள செடியையும் அரிக்கும்.

உள்கூரை பெயிண்ட் தண்ணீர் நிறைந்து கொப்புளமாகத் தொங்குகிறதென்றால், அருகே விளக்கோ மின்கம்பியோ இருந்தால் முதலில் மின்சாரத்தை அணையுங்கள். கீழே வாளி வைத்து, ஸ்க்ரூடிரைவரால் அதன் நடுவில் ஒரு துளை போட்டு வடிய விடுங்கள். நான் பயந்து போடாமல் விட்டேன். இரவில் பலகையோடு கட்டிலில் விழுந்தது.